வீட்டு மனையைத் தேர்ந்தெடுத்தல்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டுவதிலுள்ள சிரமத்தை அது எச்சரிக்கின்றதேயன்றி, கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். கூரை ஒழுகினால் மாற்றலாம். மனை தவறினால் அதனைத் தூக்கி வேறிடத்தில் வைக்க இயலாது. ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு மனை தேர்ந்தெடுத்தலையே பொருளாகக் கொள்கின்றோம்.

முதலில் எமது தவறொன்றைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளி உறுப்பினர் ஒருவர் மூன்று சென்ட் மனையொன்றைப் பார்த்துவிட்டு, எம்மிடம் வந்து யோசனை கேட்டார். பங்குனி மாதம். நாமும் உடன் சென்று பார்த்தோம். சமதரை, நல்ல பாதை, விலையும் மலிவு. “நல்ல மனைதான், வாங்கலாம்” என்று கூறினோம். அவர் வாங்கினார், வீடு கட்டினார், இரண்டு குழித்தறிகள் போட்டார். அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் மழை பெய்தது. நான்காம் நாள் காலையில் தறிக்குழிகள் இரண்டிலும் இடுப்பளவு நீர் நின்றது. நீரை இறைத்தார்கள், மீண்டும் ஊறியது. பொங்கல் வரை அவ்வீட்டில் தறி ஓசை கேட்கவில்லை. மனையிருந்த இடம், மேலுள்ள ஏரியின் கலங்கல் நீர் வழிந்தோடும் பழைய ஓடைக்கால் என்பது பின்னரே தெரிந்தது. “பார்க்க வந்த மூவரில் ஒருவராவது பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, ஐயா?” என்று அவருடைய மனைவி எம்மைக் கேட்டார். அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இல்லை. இப்பாடமே அதற்குரிய விடையாகும்.

1. முதலில் தேவையை அளத்தல்

மனையைப் பார்க்கப் புறப்படுமுன் நம் குடும்பத்தை அளந்துகொள்ளுதல் வேண்டும். இன்று வீட்டில் எத்தனை பேர், பத்தாண்டுகளுக்குப் பின் எத்தனை பேர், எத்தனை தறிகள், பாவு சுற்றும் இடம் எங்கே, மாடு உண்டா, நெல்லும் கடலையும் வைக்கும் இடம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். நெசவாளர் தம் தறியை நூல் பிடித்து அளந்து, தறியின் நீளத்தோடு உட்காரும் இடத்தையும், சுற்றிவர நடைபாதையையும் கூட்டி, ஒரு தாளில் வரைந்துகொள்ளுதல் நலம். அந்தத் தாள் கையிலிருந்தால், “இந்த மனை போதுமா?” என்ற கேள்விக்குத் தரகர் விடை சொல்ல வேண்டியதில்லை, தாளே சொல்லும்.

அளவுகளைப் பற்றியும் தெளிவு வேண்டும். 1 ஏக்கர் 100 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சென்ட். குழி, மா முதலியவை ஊருக்கு ஊர் மாறுபடுவன. ஆகவே அவற்றைச் சதுர அடியாக மாற்றாமல் விலை பேசலாகாது. மூன்று சென்ட் என்றால் 1,306 சதுர அடிக்குச் சற்று மேல். அளந்து பார்க்கும்போது அது 28 அடிக்கு 42 அடியாக இருந்தால், கிடைப்பது 1,176 சதுர அடியே. குறைவது 130 சதுர அடி. பத்தடிக்குப் பதின்மூன்றடி அறை ஒன்று போயிற்று என்று பொருள். அந்த அறைதான் தறிக்கூடமாகவும் இருந்திருக்கக்கூடும். பொதுப் பாதையில் ஒரு பங்கை மனையோடு சேர்த்துக் கணக்கிட்டு விற்பதும் உண்டு. ஆகவே நான்கு பக்கமும் அளந்து, மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுத்தல் முறை.

2. நீரின் வழி

மனையின் குணங்களில் முதன்மையானது அது நீருக்கு எவ்விடத்தில் நிற்கின்றது என்பதே. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவை தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்ததற்கு நீர் செல்லுமாறு சங்கிலிபோல் தொடுக்கப்பட்டவை. வரத்துக்கால், உள்வாய், கரை, மதகு, கலங்கல், உபரிநீர் ஓடை என்று அச்சங்கிலியின் ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய இடத்தைக் கொண்டுள்ளது. பல ஆண்டுகள் மழை பொய்த்தால் அவ்விடங்கள் வெறுந்தரையாகத் தோன்றும், மனிதர் மறப்பர். நீர் மறப்பதில்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் கரையோரத்திலும், ஏரிகளின் உபரிநீர் செல்லும் தாழ்நிலங்களிலும் எழுந்திருந்த புதுக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி ஊர்கள் பல தனித்தீவுகளாயின. இத்தகைய மழை ஆண்டுதோறும் வருவதன்று. ஆயினும் ஒரு வீடு ஐம்பது அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டியது. அவ்வளவு காலத்தில் அது ஒருமுறையேனும் வரும் என்று எண்ணுவதே அறிவுடைமை.

நீரின் வழியை அறியும் எளிய முறைகள் வருமாறு:

முதலாவது, மனையை இருமுறை பாருங்கள். ஒருமுறை கோடையில், மற்றொருமுறை ஐப்பசி கார்த்திகையில், பெருமழை பெய்த மறுநாள். விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரத்தின் காரணத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். “இங்கே தண்ணீர் நிற்குமா?” என்று கேட்டால் “நிற்காது” என்று மரியாதைக்காகச் சொல்வாருண்டு. “பெருவெள்ளம் வந்த ஆண்டில் எதுவரை நீர் வந்தது? கை வைத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்றும் பாருங்கள்.

மூன்றாவது, நிலத்தின் பெயரைக் கேளுங்கள். தாங்கல், ஏந்தல், மடு, பள்ளம், ஓடை, உள்வாய் என்று முடியும் பெயர்கள் நீரைச் சொல்வன. மேடு, திட்டு, பாறை என்பன உயர்நிலத்தைச் சொல்வன. பெயரிட்டவர்கள் அந்நிலத்தில் நூறு மழைகளைக் கண்டவர்கள்.

நான்காவது, கார்த்திகை மார்கழியில் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் தரைக்கு மூன்று நான்கு அடிக்குள் இருந்தால் அங்கே குழித்தறி போட இயலாது. சுவரிலும் ஈரம் ஏறும். தரைமேல் நிற்கும் சட்டத்தறி போடுவோர் மட்டுமே அத்தகைய இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஏரியின் உள்வாயிலோ ஓடைப் புறம்போக்கிலோ கட்டிய வீடு மழைக்கு மட்டும் அஞ்ச வேண்டியதன்று. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. வரி ரசீதும் மின் இணைப்பும் அத்தகைய வீட்டைக் காப்பாற்ற மாட்டா.

3. மண்

உழவர்களுக்கு மண்ணைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பயிருக்கு நல்ல மண் எல்லாம் வீட்டுக்கு நல்ல மண் ஆகாது. பருத்திக்குப் பேர்பெற்ற கரிசல், மழையில் ஊறி உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையுமளவு வெடிக்கும். அதன்மேல் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால், மண்ணோடு சேர்ந்து சுவரும் ஏறி இறங்கி விரிசல் காணும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் இதனை யாவரும் அறிவர். கரிசலில் கட்டக்கூடாதென்பதில்லை. உப்பாத மண் வரும்வரை ஆழமாகத் தோண்டியோ, அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை இறக்கியோ பொறியாளரின் யோசனைப்படி கட்டலாம். அதற்குரிய செலவை மனையின் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

சரளை கலந்த செம்மண் பொதுவாக வீட்டுக்கு உகந்தது. ஆற்றுப் பாசனப் பகுதிகளின் களிமண் ஈரத்தில் இளகும். எல்லாவற்றிலும் ஐயத்திற்குரியது கொட்டி நிரப்பிய மண். பழைய கிணறு, செங்கல் சூளைக்குத் தோண்டிய பள்ளம், குப்பைக் குழி ஆகியவற்றை மூடி மனையாக்கி விற்பதுண்டு. விற்பவரின் சம்மதத்தோடு இரண்டு மூலைகளில் ஐந்தடி ஆழம் தோண்டிப் பாருங்கள். ஓடு, சாம்பல், துணி, பிளாஸ்டிக் முதலியன வந்தால் அது இயற்கை மண் அன்று. இரு ஆட்களின் ஒருநாள் கூலி, பின்னர் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும்.

4. குடிநீரும் கழிவுநீரும்

கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்தல் மட்டும் போதாது. ஒரு புட்டியில் எடுத்துச் சென்று பரிசோதிக்கச் செய்யுங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சாயப்பட்டறைகளின் கழிவு பாய்ந்த இடங்களில் தனிக் கவனம் தேவை. நொய்யலாற்றுப் படுகையில் நடந்தது நெசவாளரும் உழவரும் ஒருங்கே நினைவில் வைக்க வேண்டிய பாடம். அந்நீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிக் கிணறுகள் கெட்டன, பயிர்கள் கருகின. 2011இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட நேர்ந்தது. உவர்நீரில் கட்டிய சுவர் பொரிந்து உதிரும், கம்பி துருப்பிடிக்கும், நூலுக்குக் கஞ்சியும் சாயமும் சரிவரப் பிடியா.

கழிவுநீர் ஊறும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 60 அடி இடைவெளி இருத்தல் நன்று. மூன்று சென்ட் மனைக்குள் அவ்விடைவெளி அடங்காது. ஆகவே நம் குழியை மட்டுமன்று, அண்டை மனைக்காரரின் குழி எங்கே வரும் என்பதையும் பார்த்தல் வேண்டும். குடிநீர்க் குழாய் வரும் தெருவாயின் அது பெரும் சௌகரியமே.

5. காற்றும் வெளிச்சமும்

நெசவுக்கு நிழல் விழாத சீரான வெளிச்சம் வேண்டும். நேர்வெயில் கண்ணைக் கூச வைக்கும். பட்டின் நிறத்தையும் மங்கச் செய்யும். வடக்குப் பார்த்த சன்னல் இதற்குத் தகும். தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 முதல் பதின்மூன்றரைப் பாகைக்குள் உள்ளமையால், சித்திரை முதல் ஆடி வரையுள்ள காலத்தில் நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்தும் வரும். ஓர் அகன்ற தாழ்வாரம் அதனைத் தடுத்துவிடும். கடுமையானது மேற்கு வெயில். ஆகவே வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும், குறுகிய சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் வருமாறு கட்ட இடந்தரும் மனை குளிர்ச்சியானது. மேற்கெல்லையில் ஒரு வேம்பு நட இடமிருந்தால் இன்னும் நன்று.

மனையடி பார்ப்போர் பார்க்கட்டும்; அதனை நாம் தடுக்கவில்லை. ஆனால் வாசல் எத்திசை என்று ஒரு வாரம் விசாரிப்பவர், கழிவுநீர் எத்திசை ஓடும் என்று ஒரு நாழிகையேனும் விசாரிக்க வேண்டுமல்லவா?

6. பாதையும் அக்கம்பக்கமும்

நெசவாளர்க்குத் தெரு வழிநடைக்கு மட்டும் உரியதன்று. விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும் தொழிற்கூடமும் அதுவே. சேலம், நாமக்கல் பகுதிகளில் பழைய நெசவூர்கள் பாவடி என்று பொதுவிடம் ஒதுக்கியதன் பொருள் இதுதான். புது மனைப்பிரிவில் தெரு நேராகவும் நீளமாகவும் உள்ளதா, மர நிழல் உண்டா, இல்லையேல் பாவடி நடந்து போகும் தூரத்தில் உள்ளதா என்று பாருங்கள். உழவர்க்கு வண்டியும் டிராக்டரும் திரும்பும் அகலம் வேண்டும். களமும் கிணறும் அருகில் வேண்டும். நல்ல நஞ்சையில் வீட்டை எழுப்புவதைவிட, விளைச்சல் குறைந்த மேட்டில் எழுப்புதல் இரு வகையிலும் இலாபம்.

“இது மாமூல் பாதை, யாரும் தடுக்க மாட்டார்கள்” என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பாதை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ளதா, உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா, அன்றிப் பத்திரத்தில் நடைபாதை உரிமை எழுதப்பட்டதா என்று பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிற்குமிடம், நம் சங்கக் கட்டடம் ஆகியவற்றின் தூரத்தை நடந்தே அளவிடுங்கள். வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாள் முழுதும் அவ்விடத்தில் வாழப்போகின்றவர்களின் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை.

7. உரிமை

நல்ல நிலத்தைத் தவறான ஆளிடம் வாங்குவதும், தவறான நிலத்தை வாங்குவதும் ஒன்றே. கீழ்க்கண்டவற்றைப் பார்க்காமல் கிரயம் பேசலாகாது.

மூலப்பத்திரம் அசலாக விற்பவரிடம் இருத்தல் வேண்டும். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்கோ ஈடாக இருக்கக்கூடும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பதாண்டுகளுக்குப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யப்படாத ஏற்பாடுகள் அதில் தெரியா என்பதையும் மறவாதீர்கள். பட்டா, புலப்படம், அ-பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால், நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பது விளங்கும்.

சொத்து பரம்பரையாக வந்ததாயின், வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட வேண்டும். “பெண் மக்களுக்குப் பங்கில்லை” என்ற பழைய பேச்சு இன்று செல்லாது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் பங்குரிமை அளித்துள்ளன. ஒரு சகோதரியின் கையொப்பம் விடுபட்டமையால் வீடு கட்டிய பின் வழக்கு வருவதுண்டு. மைனருக்குப் பங்கிருந்தால் நீதிமன்ற அனுமதியைப் பற்றி வழக்கறிஞரைக் கேட்டேயாக வேண்டும்.

மனைப்பிரிவாயின், நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். ஊராட்சியின் முத்திரை மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பிரிக்கப்படும் மனைகள், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திலும் பதிவு செய்யப்பட வேண்டும். அங்கீகாரமற்ற மனைக்கு வீட்டுக் கடனும் கட்டட அனுமதியும் கிடைப்பது அரிது.

8. முழுக் கணக்கு

மலிவான மனை மலிவானதா என்பதைக் கணக்கே சொல்லும். முன் கூறிய 1,176 சதுர அடி மனை சாலையைவிட 3 அடி தாழ்வு என்று கொள்வோம். அதனை நிரப்ப 3,528 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட். ஆகச் சுமார் 35 யூனிட். இடித்து இறுக்கினால் மண் தாழும். அதற்குக் காற்பங்கு கூட்டினால் 44 யூனிட். மூன்று யூனிட் கொள்ளும் லாரியில் 15 நடை. இதன் பின்னும் அஸ்திவாரம் இயற்கை மண்வரை இறங்க வேண்டுமாதலின் அதன் ஆழமும் மூன்றடி கூடும். இவ்விரு செலவையும் மனையின் விலையோடு சேர்த்து, பக்கத்து மேட்டு மனையின் விலையோடு ஒப்பிடுங்கள்.

பத்திரச் செலவையும் மறக்கலாகாது. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை, மாற்றுவரி, பதிவுக் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 9 சதவீதம். 6 லட்ச ரூபாய் மனைக்கு 54,000 ரூபாய் ஆகின்றது. 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையுமாறு 2025 ஏப்ரலில் சலுகை வந்துள்ளது. கையிருப்பு முழுவதையும் மனையிலேயே போட்டுவிட்டு, கட்டப் பணமின்றி வாடகை வீட்டில் இருப்போர் பலர். தறியை விற்றோ, விதைப்பணத்தை எடுத்தோ மனை வாங்குதல் கூடாது. தொழில் நின்றால் தவணை எங்கிருந்து வரும்?

தனித்து வாங்குவதைவிடப் பத்து உறுப்பினர் கூடி வாங்குவது நலம். அளப்பவர், வழக்கறிஞர், நீர்ப் பரிசோதனை, பொறியாளர் ஆகிய செலவுகள் பத்தில் ஒன்றாகும். விற்பவரும் பத்துப் பேர் முன்னிலையில் பொய் சொல்லத் தயங்குவார்.

நாம் தொடக்கத்தில் கூறிய உறுப்பினர் இன்று அதே வீட்டில்தான் இருக்கின்றார். குழிகளை மூடி, கடன் பெற்று, தரைமேல் நிற்கும் சட்டத்தறி போட்டுள்ளார். ஐப்பசியில் தறி ஓடுகின்றது. ஆனால் பெண்ணின் திருமணத்திற்கென்று சேர்த்தது அக்கடனுக்குச் சென்றது. அவரே இப்போது மனை பார்க்கச் செல்லும் உறுப்பினர்களுடன் துணையாகச் செல்கின்றார். முதலில் அவர் செய்வது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, பேச்சுக் கொடுப்பதே.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் நீரைக் குறிக்கும் நிலப்பெயர்கள் எவை? அவற்றில் எவை இன்று மனைகளாகியுள்ளன?
2. உங்கள் தறிக்கூடத்திற்கு அல்லது களஞ்சியத்திற்கு எத்தனை சதுர அடி தேவை? அளந்து வந்து கூறுக.
3. சாலையைவிட 2 அடி தாழ்ந்த 5 சென்ட் மனையை நிரப்ப எத்தனை யூனிட் மண் வேண்டும்?
4. நம் சங்கத்தின் சார்பில் மனைகளைப் பார்வையிட ஐவர் குழுவொன்றை அமைக்கலாமா? அதில் யார் யார் இருத்தல் வேண்டும்?